திரும்ப அழைக்க ஆளில்லாத காலம்

திண்டிவனத்தில் தோழர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் மாதம் ஒருமுறை கூடி எதையாவது படித்துப் பேசுவது எங்கள் வழக்கம். 2022 மார்ச் மாதக் கூட்டத்தில், கல்லூரி மாணவர் ஒருவர் அமெரிக்கச் செய்தி ஒன்றைப் படித்துக் காட்டினார். சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் கல்வி வாரிய உறுப்பினர்கள் மூன்று பேரை, பதவிக்காலம் முடியும் முன்பே, பிப்ரவரி 15 அன்று மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கிவிட்டார்கள். கொரோனா காலத்தில் பள்ளிகளை மூடியே வைத்திருந்தார்கள் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து வாங்கி, தனித் தேர்தல் நடத்தி, "நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டார்கள். படித்த மாணவருக்கு முகமெல்லாம் உற்சாகம். "நம்ம ஊர்லயும் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தா எப்படித் தோழர் இருந்திருக்கும்?" என்றார்.

எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்த ஆயா, தோழரின் பாட்டி, நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அது சரி, நீங்க யாரடா திரும்பக் கூப்புடுவீங்க? இங்க எலக்சனே நடக்கலியே. அப்போ யாரு இருந்தா கூப்புடறதுக்கு?" என்றார்.

எங்களில் எம்.ஏ. படித்தவர்கள் நான்கு பேர். ஆயா கேட்ட பிறகுதான் எங்களுக்கு அது உறைத்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. எழுதி முடிக்க இத்தனை நாளாகிவிட்டது.

ஆயா சொன்னது முழுக்க உண்மை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய ஊராட்சி மன்றங்களின் காலமும் முடிந்தது. அரசு தனி அலுவலர்களைப் போட்டது. 2019 டிசம்பரில் மாநிலத்தின் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோது, மாவட்டப் பிரிவினையைக் காரணம் காட்டி ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டார்கள். விழுப்புரமும், அதிலிருந்து அப்போதுதான் பிரிந்த கள்ளக்குறிச்சியும் அந்த ஒன்பதில் அடக்கம். இங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். பதவியேற்பு அக்டோபர் 20. ஆக, ஐந்தாண்டு காலம், அதாவது ஒரு ஊராட்சி மன்றத்தின் முழு ஆயுளும், எங்கள் ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடையாது, வார்டு உறுப்பினர் கிடையாது, ஒன்றியக் கவுன்சிலர் கிடையாது. கொரோனா வந்ததும் இந்த ஐந்தாண்டுக்குள்தான்.

பள்ளிகள் 2020 மார்ச் நடுவில் மூடப்பட்டன. பத்தும் பன்னிரண்டும் 2021 ஜனவரி 19-இல் திறந்தன. பிறகு ஒன்பதும் பதினொன்றும் திறந்தன. மார்ச்சில் மறுபடி மூடினார்கள். ஒன்பதாவது முதல் பன்னிரண்டு வரை செப்டம்பர் 1-இல் திறந்தது. ஒன்று முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. பத்தொன்பது மாதத்துக்கும் மேல். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புப் பிள்ளையாகிவிட்டது.

மூடியது தவறு என்று நான் சொல்லவரவில்லை. செத்தவர்களைத் தூக்கிப்போனவர்களும் எங்கள் காலனியில்தான் இருக்கிறார்கள்; நோயை விளையாட்டாக நினைக்க அவர்களுக்கு வழியில்லை. நான் கேட்பது, யாரைக் கேட்டு மூடினார்கள், யாரைக் கேட்டுத் திறந்தார்கள் என்பதுதான். கேட்டார்கள், ஒரு தடவை. 2020 நவம்பர் 9 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான மாணவர்களின் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்துக் கருத்துக் கேட்டார்கள். நவம்பர் 16-இல் திறப்பதாக இருந்ததை அதன் பிறகு தள்ளிவைத்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெற்றோரை அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. அன்று போன பெற்றோரில் எங்கள் காலனிக்காரர்கள் எத்தனை பேர்? நவம்பர் மாதம் நடவு, களைவேலை. கூலியை விட்டுவிட்டுத் தாளில் 'ஆம், இல்லை' எழுதப் போனவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிட்டேன். செல்போனில் பாடம் நடந்த வீடும் செல்போனே இல்லாத வீடும் ஒரே தாளில் கருத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நாங்கள் காலனியின் சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வாசிக்கச் சொன்னோம். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, ஆமாம். டிவி இருந்த வீட்டில் கரண்டு, கரண்டு இருந்த நேரத்தில் அம்மாவுக்குச் சீரியல், இரண்டும் இல்லாதபோது பிள்ளை கரும்புக் கொல்லையில். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 'அ'வுக்கும் 'சு'வுக்கும் தடுமாறினான். அவன் அண்ணன் செங்கல் சூளைக்குப் போனவன் திரும்பவில்லை. அந்த வீட்டில் முன்பணம் வாங்கியிருந்தார்கள். இருளர் குடியிருப்புகளில் நிலைமை இதைவிட மோசம். சாதிச் சான்றிதழுக்கே வருசக்கணக்கில் அலைகிற பிள்ளைகள் அவர்கள். இதையெல்லாம் போய்ச் சொல்ல ஒரு வார்டு மெம்பர்கூட இல்லை. தனி அலுவலர் இருந்தார். அவரிடம் எத்தனையோ ஊராட்சிகள். எங்கள் ஊர் அதில் எத்தனையாவது என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துதான் இல்லை. பஞ்சாயத்து இருந்தது. 2021 மே மாதம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒட்டனந்தல் கிராமத்தில், ஊரடங்கை மீறிக் கோயில் விழா நடத்தினார்கள் என்று சொல்லி, தலித் முதியவர்கள் மூன்று பேரை ஊர்க்காரர்கள் முன்னால் காலில் விழவைத்தார்கள். படம் வெளியானது, நாடே பார்த்தது, வழக்குப் பதிவானது. அந்தப் படத்தைப் பார்த்த எல்லாரும் கோபப்பட்டோம். ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். ஊராட்சி மன்றம் இல்லாத ஊரில், நோய்க்காலச் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிற அதிகாரத்தைச் சாதிப் பஞ்சாயத்து தானாக எடுத்துக்கொண்டது. அதற்குத் தேர்தல் தேதி தேவையில்லை. நீதிமன்றம் அதை ரத்து செய்யவில்லை. பதவிக்காலம் முடிந்ததென்று அதற்குத் தனி அலுவலர் போட்டதாகவும் நாம் கேள்விப்பட்டதில்லை.

பள்ளிக்கூடத்தை யார் நிர்வகிப்பது என்ற கேள்வி இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு ஜில்லாவின் தாலுகாக்களாக இருந்த காலத்துக்குப் போவோம். 1884-இன் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளை உண்டாக்கியது. ரோடு, ஆஸ்பத்திரி, சத்திரம், ஆரம்பப் பள்ளி எல்லாம் போர்டு வசம். அமெரிக்காவின் கல்வி வாரியத்துக்கு இங்கே நெருங்கிய சொந்தம் என்று சொல்ல ஒன்றிருந்தால் அது இந்த போர்டுதான். ஆனால் யார் அதன் உறுப்பினர்? நிலம் உள்ளவர், வரி கட்டுகிறவர், கலெக்டர் நியமித்தவர். சேரி மக்களும் மறைமுகமாக வரி கட்டினார்கள். உப்புக்குக் கட்டினார்கள், சாராயத்துக்குக் கட்டினார்கள். அந்த வரிக்கு ஓட்டு கிடையாது.

1891-இல் பக்கத்துச் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அவர் பெயரைச் சொல்கிறோம். அந்த அசைவின் தொடர்ச்சியாகத்தான் 1893-இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. பஞ்சமர் கல்வியின் 'மாக்னா கார்ட்டா' என்று அதைப் பிற்காலத்தவர் புகழ்ந்தார்கள். புகழட்டும். பொதுப் பள்ளியைத் திறந்துவிடச் செய்வதைவிடத் தனிப்பள்ளிக்கு மானியம் கொடுப்பது சுலபம் என்று அரசு கண்டுகொண்டதும் அந்தக் காலத்தில்தான். மிஷன்காரர்கள் ஏற்கெனவே அந்த வேலையில் இருந்தார்கள். திண்டிவனத்தில் ஆற்காடு மிஷன் பள்ளி நடத்திய கதை இங்கே பலருடைய குடும்பக் கதை. என் தாத்தா கையெழுத்துப் போடக் கற்றதும் போர்டு ஸ்கூலில் இல்லை.

1919-இல் சென்னை அரசு ஒரு கணக்குச் சொன்னது. மாகாணத்தில் பொது நிர்வாகத்தின் கீழ் இருந்த பள்ளிகள் 8,157. அவற்றில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. நூற்றுக்கு ஏழு, ஏழரை. மீதிப் பள்ளிகள் எங்கே இருந்தன? அக்கிரகாரத்தில், கோயில் மண்டபத்தில், சாவடியில். அந்தத் தெருவிலேயே கால் வைக்க முடியாதவன் பள்ளிக்கு எப்படிப் போவான்? எந்தச் சட்டத்திலும் 'பறையன் படிக்கக் கூடாது' என்று எழுதவில்லை. கட்டடத்தை எங்கே வைப்பது என்று போர்டு எடுத்த முடிவு ஒன்றே போதுமானதாக இருந்தது. நூறாண்டு கழித்து, பாடத்தைச் செல்போனில் வைப்பது என்ற முடிவைப் பார்த்தபோது எனக்கு அந்த அக்கிரகாரத்துப் பள்ளிதான் நினைவுக்கு வந்தது. கதவில் பூட்டு இல்லை. ஆனால் தெரு நம்முடையதில்லை.

1920-இல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்து, ஜில்லாக் கல்விக் கவுன்சில்கள் ஏற்பட்டன. அதே 1920-இல் நடந்த முதல் சட்டசபைத் தேர்தலில், நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த மாகாணத்தில் ஓட்டு இருந்தது ஏறத்தாழ 12 லட்சம் பேருக்கு. நம்மவர்கள் நியமன உறுப்பினர்களாகத்தான் உள்ளே போக முடிந்தது. எம்.சி. ராஜா அப்படித்தான் போனார். இரட்டைமலை சீனிவாசனும் அப்படித்தான் போனார். போய்க் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். சேரிப் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கும் பள்ளிக்கு மானியம் கிடையாது என்ற நிலைக்கு நீதிக்கட்சி அரசு 1923-இல் வந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-லேயே நந்தனார் பள்ளியைத் தொடங்கியிருந்தார். போர்டு திருந்தட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

அரசாணை வந்ததும் என்ன நடந்தது? சேரிப் பிள்ளைகள் நுழைந்த பள்ளியிலிருந்து ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். மாகாணம் முழுக்க நடந்த கதை இது. பிள்ளை குறைந்தால் மானியம் குறையும். மானியம் குறைந்தால் வாத்தியார் சம்பளம் போகும். வாத்தியாரே சேரிக்கு வந்து "உங்க புள்ளைய அனுப்பாதீங்க சாமி, எம் பொழப்பு கெட்டுடும்" என்று கெஞ்சுகிற நிலை. ஆதிக்கச் சாதியினருக்குத் திரும்ப அழைக்கும் உரிமை அன்றே இருந்தது. உறுப்பினரை அழைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. போர்டு உறுப்பினரே அவர்கள் மச்சான். பிள்ளையைத் திரும்ப அழைத்தால் போதும், பள்ளிக்கூடமே வழிக்கு வந்துவிடும்.

தமிழ்நாட்டில் கல்வி பற்றிய ஒரு முடிவுக்காகப் பதவி போன பெரிய மனிதர் ஒருவர் உண்டு. இராஜாஜி. 1952 தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. ஆளுநர் மேலவைக்கு நியமிக்க, முதலமைச்சரானார். 1953-இல் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார் என்றார். குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் இயக்கமும் தி.மு.க.வும் எதிர்த்தன. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார், மே மாதம் திட்டம் போனது. ஓட்டே வாங்காதவரை ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. தெருவில் இறங்கித்தான் இறக்கினார்கள். நம் பகுதிக்கு இதில் ஒரு சுவையான தொடர்பு உண்டு. வன்னியர்களின் இரண்டு கட்சிகள் 1952-இல் சட்டசபைக்குப் போயின. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலர் இராஜாஜியின் மந்திரிசபையில் இருந்தார். தென்னாற்காட்டின் உழைப்பாளர் கட்சித் தலைவர் இராமசாமி படையாட்சியார் காமராசர் மந்திரிசபையில் சேர்ந்தார். திட்டம் இருந்தபோதும் போனபோதும் நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மந்திரி இருந்தார். காலனிக்கு?

இப்போது மாணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். திரும்ப அழைக்கும் சட்டம் இங்கே வரட்டும் என்று வைத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது, சத்தீஸ்கரில் இருக்கிறது, அரியானாவில் 2020-இல் கொண்டுவந்தார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1974-இலேயே கேட்டது இது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தனித் தொகுதி ஊராட்சி ஒன்றில் அதை வைத்துப் பாருங்கள். ஊரில் முந்நூறு வீடு, காலனியில் தொண்ணூறு வீடு. சுழற்சியில் வந்த தலித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த மறுநாள் கையெழுத்து வேட்டை தொடங்கும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 தொடங்கிப் பத்தாண்டு என்ன நடந்தது? வேட்புமனு போட ஆளில்லாமல் செய்தார்கள். இல்லையென்றால் தாங்களே ஒருவரை நிறுத்தி ஜெயிக்கவைத்து உடனே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். சட்டம் இல்லாமலே நடந்த திரும்ப அழைப்பு அது. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டினார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது?

1932-இல் அம்பேத்கர் தனித்தொகுதி முறையை, அதாவது நம் பிரதிநிதியை நாம் மட்டும் தேர்ந்தெடுக்கும் முறையை, ஏன் கேட்டார் என்பதை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பூனா ஒப்பந்தத்தில் அது போனது. எல்லாரும் சேர்ந்து ஓட்டுப் போடும் முறையில், நம்மவர்களில் யார் வரவேண்டும் என்று பெரும்பான்மை முடிவு செய்யும். திரும்ப அழைக்கும் உரிமையையும் அதே பெரும்பான்மையிடம் கொடுத்தால், வந்தவர் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 205-ஆவது பிரிவில் தலைவரை நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. அது எப்படிப் பயன்படுகிறது என்று தலித் தலைவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2022 ஆகஸ்டில், தலித் ஊராட்சித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

சான் பிரான்சிஸ்கோ செய்தியையும் மாணவர் முழுசாகப் படிக்கவில்லை. பிறகு நான் தேடிப் படித்தேன். இறக்கப்பட்ட மூவரில் ஒருவர் கறுப்பினப் பெண், ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண், ஒருவர் சமோவாத் தீவு வம்சாவளியினர். பள்ளி மூடல் மட்டும் காரணமில்லை. மூடிய பள்ளிகளைத் திறக்காமல் 44 பள்ளிகளின் பெயரை மாற்ற அவர்கள் தீர்மானம் போட்டார்கள் என்ற கோபம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. அதோடு, லோவல் என்ற புகழ்பெற்ற உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண் பார்த்துச் சேர்ப்பதை நிறுத்திக் குலுக்கல் முறை கொண்டுவந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகள் மிகக் குறைவாகவே இருந்த பள்ளி அது. ஆசிய வம்சாவளிப் பெற்றோர் இதை எதிர்த்துத் திரண்டார்கள். அந்தக் கறுப்பினப் பெண் உறுப்பினர் ஆசியர்களைப் பற்றி முன்பு எழுதிய மோசமான வரிகளும் வெளியே வந்து அவர்கள் கோபத்தைக் கூட்டின. 2022 ஜூனில் மதிப்பெண் முறை திரும்பி வந்தது. தகுதி, திறமை என்ற சொற்களை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? மண்டல் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம். ஆகவே அங்கே நடந்தது மக்கள் வெற்றி என்றோ வெள்ளைச் சதி என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிட என்னால் முடியவில்லை. ஓட்டுப் போட்டவர்களில் பிள்ளை வீட்டில் முடங்கிக் கிடந்த ஏழைத் தாயும் இருந்திருப்பாள்.

அவளுக்கு ஓட்டு இருந்தது என்பதுதான் எங்கள் ஆயாவின் பேச்சு. "அவங்க கூப்புட்டாங்களோ வுட்டாங்களோ, அதுக்கு முன்னாடி ஒருத்தர வெச்சாங்க இல்ல? நம்மளுக்கு வெக்கவே இல்லியே" என்றார்.

2021 அக்டோபர் 20-இல் விழுப்புரம் மாவட்டத் தலைவர்கள் பதவியேற்றார்கள். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 27 அன்று, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்தார். மாதம் ஆயிரம் ரூபாய்க்குச் சாயங்காலம் பாடம் சொல்லித்தர ஆயிரக்கணக்கில் முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எங்கள் காலனியில் பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண் நடத்தினாள். சமுதாயக் கூடத்தில் நாங்கள் விட்ட இடத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்டாள். அந்த 'அ', 'சு' பையன் அவளிடம்தான் வாசிக்கக் கற்றான். பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயிரம் ரூபாயைக் கூலி என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2025 ஜனவரியில், முன்பு தேர்தல் நடந்த அந்த 27 மாவட்டங்களிலும் ஊராட்சிகளின் காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். எங்களுக்கு நடந்தது அவர்களுக்கும் நடந்தது.

2022-இல் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் சொன்னதுதான். அப்போது இருபது உறுப்பினர், முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் இடம் உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டம் போடலாம், செலவைப் பார்க்கலாம். பள்ளியை மூடுவது, திறப்பது பற்றி இந்தக் குழுவுக்கு அதிகாரம் ஏதும் இல்லை.

எங்கள் காலனியிலிருந்து ஒரு அக்கா உறுப்பினரானார். களை எடுக்கப் போகிறவர். முதல் கூட்டத்துக்குக் கூலியை விட்டுவிட்டுப் போனார். "இனிமே நோவு வந்தாலும் புயல் வந்தாலும், இஸ்கூல மூடறதுன்னா காலனியில எங்களயும் கேட்டுட்டு மூடுங்க. மூடனா, புள்ளைங்களுக்குச் சோறும் பாடமும் எங்க குடுப்பீங்கன்னு அன்னிக்கே சொல்லுங்க" என்று எழுந்து நின்று சொன்னாராம். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா என்று கேட்டேன். படிக்கவில்லை. மறுநாள் போய்ப் படித்துப் பார்த்துவிட்டு வந்தார். சுற்றுச்சுவர் பற்றி ஒரு தீர்மானம், கழிப்பறை பற்றி ஒன்று, வருகை தந்தவர்களுக்கு நன்றி. அவர் சொன்னது இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் காலனியிலிருந்து இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒருத்தி, அந்தப் பன்னிரண்டாவது முடித்த பெண். அவள் பேனா எடுத்துக்கொண்டு போனாள்.